முதல் அறை மட்டும் வந்து சேர்ந்த ஃபார்ம்

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன மாதம் கூப்பிட்டார். "தம்பி, நம்ம வெப்சைட்ல ஏதோ கோளாறு. பெங்களூர்ல இருந்து ஒருத்தர் நாலு அறைக்கு அளவு போட்டு அனுப்பியிருக்காரு. எனக்கு முகப்பு மட்டும்தான் வந்துச்சு. நானும் முகப்புக்கு மட்டும் விலை போட்டு அனுப்பிட்டேன். அரை மணி நேரம் உக்காந்து அளவு போட்டேன், படிச்சுக்கூடப் பாக்க மாட்டீங்களான்னு கேக்குறாரு. வந்தாத்தானே தம்பி படிக்கிறதுக்கு?"

ஒவ்வொரு கல்லையும் கண்ணாடிமேல் வைத்து, அச்சுக்குள் சாயக்கலவையைக் கையால் ஊற்றிச் செய்கிறவர் அவர். வாடிக்கையாளரை மதிக்காதவர் என்ற பேர் அவருக்கு வந்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அன்று இரவே காரைக்குடியில் என் வீட்டில் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தேன். மூன்று நாள் பிடித்தது. பழைய டேபிள் அமைப்பில் ஃபார்ம் வைத்த பக்கங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன, அவற்றைக் கையிலெடுக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன். டேக் (பக்கத்தின் உறுப்பு தொடங்கும், முடியும் இடங்களைக் காட்டும் குறி) பெயர்களை நாம் பேசும்போது சொல்கிற மாதிரியே தமிழில் எழுதுகிறேன்.

பக்கம் எப்படி இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாமே டேபிள், அதாவது வரிசையும் கட்டமுமாகப் பிரித்து அடுக்கியது. மேலே பேனர் ஒரு வரிசை, இடது கட்டத்தில் மெனு, நடுக்கட்டத்தில் டிசைன் படங்கள், அதற்குக் கீழே விலை கேட்கும் ஃபார்ம். ஃபார்மில் பெயர், போன், ஊர். பிறகு அளவுப் பட்டியல்: எந்த அறை, நீளம், அகலம், கல்லின் அளவு, டிசைன் எண். அதன் கீழே "இன்னொரு அறை சேர்க்க" என்று ஒரு லிங்க், அழுத்தினால் ஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் ஓடும் சின்ன நிரல்) புது வரிசை ஒன்றைச் சேர்க்கும். அதற்கும் கீழே பின்கோடு போட்டு லாரி வாடகை பார்க்கும் சின்னப் பெட்டி, பிறகு "குறிப்பு" என்று பெரிய பெட்டி, கடைசியில் "அனுப்பு" என்று ஒரு படம்.

இந்தப் பக்கத்துக்கு உயிரே அந்த வரிசை சேர்க்கும் லிங்க்தான். எங்கள் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும், ஒவ்வொன்றுக்கும் வேறு பூ, வேறு பார்டர். ஒரு வரிசை மட்டும் போகிற ஃபார்மை வைத்துக்கொண்டு இங்கே யாருக்கும் விலை சொல்ல முடியாது.

நானே மூன்று அறைக்கு அளவு போட்டு அனுப்பிப் பார்த்தேன். முதல் அறை வந்தது, மற்ற இரண்டும் வரவில்லை. முதல் அறை ஒழுங்காக வந்ததால் ஃபார்ம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். பல வரிசைகளை வாங்குகிற இடத்தில் சர்வர் கோட்டை விடுகிறது என்று முடிவுகட்டி, அங்கேயே அரை நாள் தேடினேன். சர்வர் பக்கம் ஒரு குறையும் இல்லை. பிறகுதான் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, அனுப்பும்போது உண்மையில் என்ன கிளம்புகிறது என்று பார்த்தேன். கிளம்பும்போதே இரண்டாவது, மூன்றாவது வரிசைகள் இல்லை. முதலில் பார்த்திருக்க வேண்டிய இடம் இது. ஃபார்ம் தகராறு எதுவானாலும், பிரவுசரை விட்டு என்ன வெளியே போகிறது என்று முதலில் பாருங்கள்.

அடுத்து அதே டூல்ஸில், பிரவுசர் கட்டிவைத்த அமைப்பைக் காட்டும் இன்ஸ்பெக்டரில் ஃபார்மைத் தேடினேன். டேபிளுக்குள் இப்படி நின்றது:

<ஃபார்ம்></ஃபார்ம்>

உள்ளே ஒன்றுமில்லை. பெயர்ப் பெட்டி, போன் பெட்டி, அளவு வரிசைகள் எல்லாம் அதற்கு வெளியே, டேபிளின் வரிசைகளில் கிடந்தன. காலி ஃபார்ம் எப்படி முதல் அறையை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறது என்று கொஞ்ச நேரம் திகைத்துப்போனேன். சோர்ஸை, அதாவது சர்வர் அனுப்பிய மூல எழுத்தைத் திறந்ததும் விடை கிடைத்தது:

<டேபிள்>
<ஃபார்ம்>
<டிஆர்><டிடி>(பெயர் என்ற படம்)</டிடி> …
…
</ஃபார்ம்>
</டேபிள்>

டேபிளுக்கும் டிஆருக்கும் (வரிசைக்கான டேக்) நடுவில் ஃபார்மைச் செருகியிருக்கிறார்கள். டேபிளுக்கு நேரடிப் பிள்ளைகளாக வரக்கூடியவை சிலதான்: தலைப்பு, பத்திக் குழு, தலைப்பகுதி, உடல்பகுதி, அடிப்பகுதி, வரிசை. ஃபார்ம் அந்தப் பட்டியலில் இல்லை. தப்பான இடத்தில் வந்தால் பிரவுசர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் விதி எழுதியே வைத்திருக்கிறது. ஃபார்மை ஒரு காலி உறுப்பாக டேபிளில் வைத்து, வைத்த கையோடு மூடிவிட வேண்டும். ஆனால் "இப்போது ஒரு ஃபார்ம் திறந்திருக்கிறது" என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு சோர்ஸில் வருகிற பெட்டிகளை, ஃபார்ம் முடிவு டேக் வரும்வரை, அந்தக் காலி ஃபார்முக்கே சொந்தமாக்க வேண்டும். பழைய பக்கங்கள் உடைந்துவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு இது.

பழுதின் முழு உருவமும் அப்போது தெரிந்தது. முதல் வரிசை சோர்ஸிலேயே இருக்கிறது. பிரவுசர் பக்கத்தைப் படித்துக்கொண்டு வரும்போது அதை ஃபார்முடன் முடிச்சுப் போட்டுவிட்டது. ஸ்கிரிப்ட் பிறகு சேர்க்கும் வரிசைகளுக்கு அந்த முடிச்சு கிடையாது. புதிதாக வரும் பெட்டி, தன்னைச் சுற்றி ஏதாவது ஃபார்ம் இருக்கிறதா என்று மேல்நோக்கித் தேடும். ஃபார்மோ மூடிக் காலியாக ஒரு ஓரத்தில் நிற்கிறது. அந்த வரிசைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் போயின. கண்ணுக்கு எல்லா வரிசையும் ஒரே மாதிரி தெரியும், எல்லாவற்றிலும் எழுத முடியும். கிளம்புவது ஒன்றுதான்.

முதலில் இப்படி எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் ஃபார்மை டேபிளுக்கு வெளியே வைத்தால் அதன் அடியில் ஒரு வரி உயரத்துக்கு வெற்றிடம் விழும், அளந்து வைத்த அமைப்பு கலையும். டேபிளுக்கும் டிஆருக்கும் இடையில் ஒளித்துவைத்தால் அந்த இடைவெளி வராது. அது அன்றைக்குப் பலரும் கையாண்ட வழி. வரிசை சேர்க்கும் ஸ்கிரிப்டைப் பின்னால் வேறு யாரோ ஒட்டியதில் இரண்டும் மோதிக்கொண்டன.

இனி வேலிடேட்டர், பக்கம் விதிப்படி எழுதப்பட்டிருக்கிறதா என்று சோதிக்கும் கருவி. பக்கத்தின் சோர்ஸை அப்படியே நகலெடுத்து டபிள்யூ3சி வேலிடேட்டரின் ஒட்டும் பெட்டியில் போட்டேன். 47 பிழைகள். எண்ணைப் பார்த்து மலைத்துவிட வேண்டாம், அதில் பாதிக்கு மேல் பின்னணி நிறம், கட்ட இடைவெளி, நடுவில் நிறுத்துவது போன்ற டேக்குக்குள் எழுதும் பழைய அலங்கார அட்ரிப்யூட்டுகள்தான். அவை தோற்றத்தைத் தனியே எழுதும் சிஎஸ்எஸ்ஸுக்குப் போக வேண்டியவை, ஆனால் யாருடைய ஆர்டரையும் தொலைப்பதில்லை. நான் அவற்றைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, ஃபார்ம் என்ற சொல் வருகிற வரிகளை மட்டும் தனியே எடுத்தேன். டேபிளுக்குள் ஃபார்ம் தொடக்க டேக் வந்துவிட்டது என்று ஒன்று. ஏற்கெனவே ஒரு ஃபார்ம் திறந்திருக்கும்போது இன்னொன்று வந்திருக்கிறது, அந்த டேக்கைக் கண்டுகொள்ளவில்லை என்று ஒன்று. ஒட்டாமல் நிற்கும் ஃபார்ம் முடிவு டேக் என்று இரண்டு. லேபிள் (பெட்டிக்கு வைத்த பெயர்) சுட்டும் ஐடியில் (தனி அடையாளத்தில்) பெட்டியே இல்லை என்று மூன்று. எல்லாவற்றுக்கும் மேலே, எச்டிஎம்எல் பக்கம் என்று முதல் வரியில் அறிவிக்கும் டாக்டைப் இல்லை என்பது.

மேலிருந்து ஒவ்வொன்றாகப் போனேன். ஒன்றைச் சரிசெய்ததும் மறுபடி ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். கீழே வரும் பிழைகளில் பல மேலே உள்ளதன் நிழல்கள், முதலாவது போனதும் தானே மறைந்துவிடும்.

ஃபார்மை டேபிளுக்கு வெளியே கொண்டுவந்தேன். முன்பு டேபிள் ஃபார்மைச் சுற்றி இருந்தது, இப்போது ஃபார்ம் டேபிளைச் சுற்றி இருக்கிறது. மூன்று அறை போட்டு அனுப்பினேன், மூன்றும் வந்தன. ஆனால் பழைய வெற்றிடமும் கூடவே வந்தது, ஃபார்முக்கு அடியில் சரியாக ஒரு வரி. பக்கத்தில் டாக்டைப் இல்லாததால் பிரவுசர் பழைய பக்கங்களுக்கான குவர்க்ஸ் முறையில் ஓடுகிறது, அந்த முறையில் ஃபார்முக்கு அடியில் இடம் விடுவது இன்றைக்கும் விதியில் இருக்கிறது. முதல் வரியில் டாக்டைப் போட்டதும் அது போய்விட்டது.

டாக்டைப் போட்டதும் வேறு இரண்டு மாறின. டேபிளுக்குள் இருந்த எழுத்தின் அளவு மாறியது, குவர்க்ஸ் முறையில் டேபிள் வெளியிலிருந்து எழுத்தளவை வாங்கிக்கொள்ளாது, இப்போது வாங்கிக்கொள்கிறது. அது சின்ன விஷயம். பெரிய விஷயம் டிசைன் படங்கள். ஒரே கல்லின் படத்தை நான்குக்கு நான்காகக் கட்டங்களில் அடுக்கி, தரையில் பதித்தால் எப்படி இருக்கும் என்று காட்டுகிற ஒரு பகுதி உண்டு. பூவின் கால் பாகம் ஒவ்வொரு கல்லிலும் இருக்கும், நான்கு கல் சேர்ந்தால்தான் முழுப் பூ. டாக்டைப் வந்ததும் ஒவ்வொரு வரிசைக்கும் அடியில் மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்து, பூக்கள் எல்லாம் குறுக்கே வெட்டுப்பட்டு நின்றன. ஆத்தங்குடிக் கல்லை நெருக்கிப் பதிப்பார்கள், பூ பூவோடு சேர வேண்டும். அண்ணன் இதைப் பார்த்திருந்தால் ஃபார்மை விட இதற்குத்தான் அதிகம் வருத்தப்பட்டிருப்பார்.

காரணம் எளியது. படம் என்பது பிரவுசரின் கணக்கில் வரியில் நிற்கும் ஓர் எழுத்து மாதிரி. எழுத்தின் வால் கீழே இறங்குவதற்கு அடிக்கோட்டுக்குக் கீழே கொஞ்சம் இடம் விடுவார்களே, அந்த இடம் படத்துக்கு அடியிலும் வருகிறது. குவர்க்ஸ் முறை அதை மறைத்து வைத்திருந்தது. சிஎஸ்எஸ்ஸில் அந்தப் படங்களின் டிஸ்பிளேயை பிளாக் என்று மாற்றினேன். பூக்கள் சேர்ந்துகொண்டன.

அடுத்தது ஃபார்முக்குள் ஃபார்ம். லாரி வாடகை பார்க்கும் பின்கோடு பெட்டியைத் தனி ஃபார்மாக, பெரிய ஃபார்மின் நடுவிலேயே வைத்திருந்தார்கள். ஒரு ஃபார்முக்குள் இன்னொன்று வரக் கூடாது. வந்தால் உள்ளே இருக்கும் தொடக்க டேக்கைப் பிரவுசர் தள்ளிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் முடிவு டேக்கைத் தள்ளாது. அதைப் பெரிய ஃபார்மின் முடிவு என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பின்னால் வருகிற பெட்டிகள் எல்லாம் வெளியே.

அதற்குப் பின்னால் வந்தது என்ன? குறிப்புப் பெட்டி.

எனக்குச் சுருக்கென்றது. அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, இந்த ஃபார்ம்ல யாராவது குறிப்புன்னு எழுதி வந்திருக்கா?"

"குறிப்பா? அதெல்லாம் யாரும் எழுதுறதில்ல தம்பி. எனக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கும். வீடு கட்டுறவங்க இவ்வளவு செலவு பண்றாங்க, ஒரு வார்த்தை எழுத மாட்டாங்களான்னு."

எழுதியிருக்கிறார்கள். எத்தனையோ பேர் எழுதியிருப்பார்கள். பழைய வீட்டில் எந்தப் பூ, எந்த நிறம், மகள் கல்யாணத்துக்குள் தரை முடிய வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். ஒன்றுகூட அவர் கைக்கு வந்து சேரவில்லை. எத்தனை வருடமாக இப்படி இருந்ததோ, அவர் மனதில் வாடிக்கையாளர்கள் பேச விரும்பாதவர்கள் என்று பதிந்துபோயிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.

அதே பின்கோடு பெட்டியால் இன்னொரு வினையும் இருந்தது. "பாதி பாதியா நிறைய வருது, பேரும் ஊரும் போட்டுட்டு அளவு போடாம விட்டுடுறாங்க" என்று அவர் முன்பே ஒரு தடவை சொல்லியிருந்தார். உள்ளே இருந்த ஃபார்ம் டேக் தள்ளுபடி ஆனதால், வாடகை பார்க்கும் பட்டன் பெரிய ஃபார்முக்குச் சொந்தமாகிவிட்டது. லாரிக்கு எவ்வளவு ஆகும் என்று முதலில் பார்க்க நினைத்தவர் அதை அழுத்தியதும், அரைகுறையாக நிரப்பிய விசாரணை பட்டறைக்குப் போய்விட்டது.

இதற்கு இரண்டு வழி உண்டு. பின்கோடு பெட்டியைப் பெரிய ஃபார்முக்கு வெளியே, கீழே கொண்டுபோகலாம். ஆனால் அளவு போட்டவுடன் வாடகை பார்ப்பதுதான் வசதி, இடத்தை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அதனால் பெரிய ஃபார்ம் முடிந்த பிறகு காலியாக ஒரு சின்ன ஃபார்மை வைத்து அதற்கு ஓர் ஐடி கொடுத்தேன். பின்கோடு பெட்டியையும் அதன் பட்டனையும் இருந்த இடத்திலேயே விட்டு, இரண்டிலும் ஃபார்ம் என்ற அட்ரிப்யூட்டைச் சேர்த்து அந்த ஐடியை எழுதினேன். பெட்டி எங்கே நின்றாலும் எந்த ஃபார்முக்குச் சொந்தம் என்று இந்த அட்ரிப்யூட் சொல்லிவிடும். டேபிளில் வரிசைக்கு ஒரு ஃபார்ம் தேவைப்படுகிறவர்களுக்கும் இதுவே சரியான வழி.

சோர்ஸில் நடந்த குளறுபடி இன்ஸ்பெக்டரில் முழுசாகத் தெரியாது என்பதை இங்கே சொல்ல வேண்டும். இன்ஸ்பெக்டர் காட்டுவது பிரவுசர் சரிக்கட்டிய பிறகு உள்ள அமைப்பு. உள்ளே இருந்த ஃபார்ம் டேக் அதில் சுத்தமாக இல்லை, எழுதவே எழுதாத மாதிரி. சோர்ஸைப் பார்த்தால்தான் இருக்கிறது. மாறாக, ஸ்கிரிப்ட் சேர்க்கும் வரிசைகள் சோர்ஸில் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு வேலை நகர்ந்தது.

வேலிடேட்டருக்கும் இதே குறை உண்டு. அது சோர்ஸை மட்டும் படிக்கும். நான்கு அறைகளைச் சேர்த்துவிட்டு, இன்ஸ்பெக்டரில் முழுப் பக்கத்தின் எச்டிஎம்எல்லை நகலெடுத்து மறுபடி ஒட்டினேன். புதிதாக ஒரு கட்டுப் பிழை கிளம்பியது: ஒரே ஐடி நான்கு தடவை. ஸ்கிரிப்ட் முதல் வரிசையை அப்படியே பிரதியெடுக்கிறது, ஐடிகளும் பிரதியாகின்றன. போனில் மூன்றாவது அறையின் "அகலம்" என்ற லேபிளைத் தொட்டால் கர்சர் முதல் அறைக்கு ஓடும். அங்கே எண்ணைப் போட்டால் முகப்பின் அகலம் மாறிவிடும். தொகை தப்பாகப் போகிற பிழை இது. லேபிளுக்குள்ளேயே பெட்டியை வைத்து ஐடிகளை எடுத்துவிட்டேன். பெட்டி லேபிளுக்குள் இருந்தால் ஐடி தேவையே இல்லை, எத்தனை பிரதி எடுத்தாலும் ஒன்றோடொன்று மோதாது.

அனுப்பும் பட்டன் பட்டனாக இல்லாமல், ஸ்கிரிப்டைக் கூப்பிடும் ஒரு படமாக இருந்தது. பெயருக்கும் போனுக்கும் ரிக்வயர்டு (கட்டாயம் நிரப்ப வேண்டும்) என்று போட்டுப் பார்த்தேன், காலியாக விட்டாலும் போய்க்கொண்டே இருந்தது. ஸ்கிரிப்ட் நேரடியாக சப்மிட்டைக் கூப்பிட்டால் பிரவுசர் எந்தச் சோதனையும் செய்யாது. படத்தை எடுத்துவிட்டு ஃபார்முக்குள் நிஜ பட்டன் வைத்தேன். வரிசை சேர்க்கும் லிங்கையும் பட்டனாக்கினேன், அதற்கு டைப் பட்டன் என்று எழுத மறக்கக் கூடாது. எழுதாவிட்டால் அதுவும் சப்மிட் பட்டன்தான், அறை சேர்க்கப் போனவர் விசாரணையை அனுப்பிவிடுவார்.

நீளம், அகலப் பெட்டிகளை நம்பர் வகைக்கு மாற்றினேன். போனில் எண் விசைகள் வரும், நல்லதுதான். ஆனால் 10.5 அடி என்று போட்டதும் பிரவுசர் மறுத்தது, 10 போடு அல்லது 11 போடு என்றது. நம்பர் பெட்டியின் ஸ்டெப் (எண் ஏறும் படி) தானாகவே 1, அதை மாற்றாவிட்டால் முழு எண்ணைத்தான் ஏற்கும். வந்தவர் என்ன செய்வார்? 10 என்று போடுவார். 12 அடிக்கு 10 அடி என்றால் 120 சதுர அடி, 10 அங்குலக் கல்லில் 173 கல். 12 அடிக்கு 10.5 அடி என்றால் 126 சதுர அடி, 182 கல். ஒன்பது கல் குறையும். கையால் செய்கிற கல்லில் பின்னால் ஒன்பது கல் தனியாகச் செய்து கொடுத்தால் நிறம் சற்று ஏறியோ இறங்கியோ இருக்கும், தரையில் தனியாகத் தெரியும். ஸ்டெப்பை எனி (எதுவானாலும் சரி) என்று வைத்தேன். போன் எண்ணுக்கும் பின்கோடுக்கும் நம்பர் வகை வேண்டாம். அவை கூட்டிக் கழிக்கிற எண்கள் இல்லை. போனுக்கு டெல் வகை, பின்கோடுக்குச் சாதாரணப் பெட்டியில் இன்புட்மோடு நியூமெரிக்.

கல் அளவு தேர்ந்தெடுக்கும் பட்டியலில் 8, 10, 12 அங்குலம் என்று இருந்தது. அதை ரிக்வயர்டு ஆக்கினால், முதல் தேர்வு காலி மதிப்போடு இருக்க வேண்டும் என்று வேலிடேட்டர் கேட்கும். நியாயமான கேள்வி. இல்லையென்றால் யாரும் தொடாமலே 8 அங்குலம் தேர்வாகிவிடும். "அளவைத் தேர்ந்தெடுங்கள்" என்று முதலில் ஒன்று வைத்தேன்.

மூன்றாவது நாள் தமிழுக்குப் போனது. அண்ணனின் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். "சித்தப்பா, தமிழ்ல எழுதினா இப்படித்தான் மெயில் வருது. நாங்க அதைப் படிக்க முடியாம அழிச்சிடுவோம்." ஊர் என்ற இடத்தில் இருந்தது:

&#2965;&#3006;&#2992;&#3016;&#2965;&#3021;&#2965;&#3009;&#2975;&#3007;

அது காரைக்குடி. 2965 என்பது க, 3006 துணைக்கால், 2992 ர, 3016 ஐகாரக் குறி. பக்கம் எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யுடிஎஃப்-8 முறையில் இருக்கிறது என்று எங்கும் சொல்லவில்லை. சர்வர் வேறு பழைய மேற்கத்திய எழுத்துமுறை என்று பக்கத்தோடு போகும் ஹெடரில் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த எழுத்துமுறையில் தமிழுக்கு இடமில்லை. எழுத முடியாத எழுத்தைப் பிரவுசர் இப்படி எண்ணாக மாற்றித்தான் அனுப்பும். பக்கத்தின் தமிழ்த் தலைப்புகள் எல்லாம் படங்களாக இருந்ததால் பார்க்கும்போது ஒரு குறையும் தெரியவில்லை, எழுதி அனுப்பும்போதுதான் வினை. ஹெட் பகுதியின் தொடக்கத்திலேயே யுடிஎஃப்-8 என்று மெட்டா டேக் சேர்த்தேன், அது முதல் 1024 பைட்டுக்குள் வர வேண்டும். அது மட்டும் போதவில்லை. சர்வர் அனுப்பும் ஹெடர் மெட்டாவை மிஞ்சும், அதையும் மாற்றிய பிறகுதான் காரைக்குடி காரைக்குடியாக வந்தது. தலைப்புப் படங்களையும் எடுத்துவிட்டுத் தமிழ் எழுத்திலேயே எழுதினேன்.

அதோடு முடியவில்லை. பெயர்ப் பெட்டியில் மேக்ஸ்லெங்த் (அதிகபட்ச நீளம்) 20 என்று இருந்தது. ஆங்கிலத்துக்கு அது சுமாராகப் போதும். தமிழில் நாம் ஐந்து எழுத்து என்று எண்ணுகிற காரைக்குடி, பிரவுசரின் கணக்கில் பத்து. உயிர்மெய்க் குறி ஒவ்வொன்றும், புள்ளி ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணப்படும். இனிஷியலோடு அப்பா பெயரையும் சேர்த்து எழுதுகிற ஒருவருக்கு இருபது எப்படிப் போதும்? 100 ஆக்கினேன். பெயருக்கு ஆங்கில எழுத்து மட்டும் என்று ஒரு பேட்டர்னும் இருந்தது. படமே பட்டனாக இருந்தவரை அது வேலை செய்யவில்லை, நிஜ பட்டன் வந்ததும் விழித்துக்கொண்டு தமிழ்ப் பெயரை மறுத்தது. அதை அப்படியே தூக்கிவிட்டேன். ஒரு மனிதரின் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று ஃபார்ம் சொல்லத் தேவையில்லை.

மீதி இருந்த அலங்கார அட்ரிப்யூட்டுகளை ஒரே மூச்சில் சிஎஸ்எஸ்ஸுக்கு மாற்றினேன். பேனர், மெனுவுக்கான டேபிளைக் கலைத்து சிஎஸ்எஸ் கிரிடில் போட்டேன். அளவுப் பட்டியலை டேபிளாகவே விட்டேன். அறை, நீளம், அகலம் என்பது உண்மையிலேயே பட்டியல், அதற்குத்தான் டேபிள் பிறந்தது. டேபிளே கூடாது என்று சிலர் எல்லாவற்றையும் டிவ் என்ற பொதுக் கட்டங்களாக உடைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய வழிகாட்டிகளில் ஃபார்முக்குள் பெட்டியை நேராக வைக்காதே, பத்திக்குள்ளோ டிவ்வுக்குள்ளோ வை என்று பார்த்திருப்பீர்கள். 1999ல் வந்த எச்டிஎம்எல் 4.01 ஸ்டிரிக்ட்டின் விதி அது, இன்றைய எச்டிஎம்எல்லில் கட்டாயமில்லை. பெயர், போன், ஊர் மூன்றையும் நான் ஃபீல்டுசெட் என்ற குழுவுக்குள் வைத்ததற்குக் காரணம் வேறு, திரையைக் காதால் கேட்கிறவர்களுக்கு அது எந்தப் பகுதி என்று அது சொல்லும்.

மூன்றாம் நாள் மாலை வேலிடேட்டர் ஒரு பிழையும் இல்லை என்றது. மறுநாள் காலையில் ஆத்தங்குடிக்குப் போனேன். தொட்டித் தண்ணீரில் கல் ஊறிக்கொண்டிருந்தது. அண்ணனின் போனிலேயே ஃபார்மைத் திறந்து, முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, சாமி வீடு என்று ஐந்து அறை அவர் கையாலேயே போடச் சொன்னேன். குறிப்பில் அவர் "சோதனை" என்று எழுதினார். ஐந்தும் வந்தன, குறிப்பும் வந்தது. பெங்களூர்க்காரருக்கு அங்கிருந்தே போன் போட்டு, தவறு ஃபார்மில்தான் என்று சொல்லி மறுபடி அளவு வாங்கினார்.

நான்கு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார். தேவகோட்டைப் பக்கம் ஒரு பழைய வீட்டிலிருந்து விசாரணை. அளவு ஒரே வரிசைதான், சின்ன அளவு. குறிப்புதான் நீளம். வளவில் நாலு கல் உடைந்துவிட்டது, பூ இப்படி இருக்கும், நடுவில் சிவப்பு, ஓரத்தில் பச்சை இலை, அப்பத்தா காலத்துத் தரை, அதே மாதிரி செய்ய முடியுமா என்று எழுதியிருந்தார்களாம். அதை எனக்கு முழுசாகப் படித்துக் காட்டினார்.

"தம்பி, அந்த அச்சு எங்கிட்ட இருக்குன்னு நினைக்கிறேன். எங்கப்பா வச்சிருந்தது. பரண்ல கிடக்கும், ஏறிப் பாக்கணும், அப்புறம் கூப்பிடுறேன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.